இருபதடி அறை

சொந்தப் பெயர் என்று ஒன்று அவருக்கும் இருந்தது. சங்கம் தொடங்கிய பிறகு அதை யாரும் உபயோகிக்கவில்லை. கடைத்தெருவில் அவர் செயலாளர், தபால்காரருக்கும் செயலாளர். மனைவிகூடக் கோபம் வந்தால், "செயலாளர் ஐயா இன்னிக்காவது வீட்ல சாப்பிடுவாங்களா, இல்ல அதுக்கும் தீர்மானம் போடணுமா?" என்று கேட்பாள். எந்தச் சங்கத்துக்குச் செயலாளர் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்களுக்குச் சங்கம் எதற்கு என்பது மீதிப் பேருக்குப் புரியாது.

அவர் தொழில் ஆரம்பித்தது கடிகாரம் பழுது பார்ப்பதில். கண்ணில் ஒற்றை லென்ஸை இடுக்கிக்கொண்டு பல்சக்கரங்களோடு மல்லுக்கட்டிய காலம் அது. மூக்குக்கண்ணாடி வேண்டுமென்றால் மக்கள் அப்போது கடிகாரக் கடைக்கோ நகைக்கடைக்கோதான் போவார்கள். ஒரு தட்டில் கண்ணாடிகளைப் பரப்பி வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்து, எதில் செய்தித்தாள் எழுத்து தெரிகிறதோ அதை எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். செருப்பு வாங்குவதுபோல. செருப்பாவது காலைக் கடித்தால் தெரியும். தப்பான கண்ணாடி தலைவலியாக வந்து கடிக்கும், அதற்கு யாரும் கண்ணாடியைக் குற்றம் சொல்ல மாட்டார்கள்.

ஒருநாள் ஒரு தையற்காரி வந்து தட்டிலிருந்த அத்தனையும் மாட்டிப் பார்த்தாள். ஒன்றும் ஒத்துவரவில்லை. "வலது கண்ணுக்கு இது சரியா இருக்கு, இடதுக்கு அது சரியா இருக்கு. ரெண்டையும் ஒடச்சு ஒட்டித் தர முடியாதா?" என்று கேட்டாள். அவள் வேடிக்கையாகத்தான் கேட்டாள். அவருக்கு அது மனதில் முள்ளாகத் தைத்தது. தூர தேசத்துக்கு எழுதிப் போட்டு, ஒரு பெட்டி நிறைய சோதனை லென்ஸ்களும் தலையணை பருமனில் ஒரு புத்தகமும் வரவழைத்தார்.

அந்தப் புத்தகத்தை அவர் தனியாகப் படிக்கவில்லை. தங்கை புருஷனும் கண்ணாடி விற்பவர்தான். ஆனால் கடை கிடையாது. தோள்வாரில் தொங்கும் மரப்பெட்டிதான் கடை. பஸ் நிலையம், சந்தை, ஆலை வாசல் என்று எங்கே நாலு பேர் கூடுகிறார்களோ அங்கே அதைத் திறப்பார். ஊர் ஊராக அவரைப் பெட்டிக்காரர் என்றுதான் தெரியும். மூன்று நாள் சுற்றிவிட்டு வந்தால் நாலாம் நாள் மைத்துனர் கடையில்தான் இருப்பார். இருவரும் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்தே தொழிலைக் கற்றார்கள். கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்க்கும் கருவி வந்த அன்று பெட்டிக்காரர்தான் முதலில் எடுத்தார். வெகுநேரம் மச்சான் கண்ணுக்குள் உற்றுப் பார்த்துவிட்டு, "ஆரஞ்சுப் பழத்தோல் மாதிரி ஏதோ தெரியுது மச்சான். மூளை தெரியல. இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றார்.

எழுத்து அட்டையை இருபதடி தள்ளி மாட்ட வேண்டும் என்று புத்தகம் சொன்னது. கடை பதினாலடிதான். பின்னால் இருந்தது அடுப்பங்கரை. நடுச்சுவரில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு இடித்து, அட்டையை அடுப்புக்கு மேலே மாட்டினார். மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்க, அவள் தலைக்கு மேலே இருக்கும் எழுத்தைக் கடையிலிருந்து யாராவது உரக்கப் படித்துக்கொண்டிருப்பார்கள். "நான் வறுக்கிற புகையில எழுத்து தெரியலன்னா, அதுக்கும் கண்ணாடி எழுதிடாதீங்க" என்று உள்ளேயிருந்து குரல் வரும். தையற்காரிக்கு முதல் கண்ணாடி அங்கேதான் எழுதப்பட்டது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது பக்கத்து ஊரில் ஒரு கடைக்காரர் 'இங்கே கண் பரிசோதிக்கப்படும்' என்று பலகை வைத்தார். டாக்டர் அல்லாதவர் அப்படி எழுதுவது மோசடி என்று வழக்கு வந்தது. பலகையை இறக்கச் சொல்லித் தீர்ப்பானது. செயலாளர் பயந்துபோனார். பெட்டிக்காரர் பயப்படவில்லை.

"இன்னிக்கு அவர் பலகை. நாளைக்கு உங்க கடை, நாளன்னிக்கு என் பெட்டி. தனித்தனியா இருந்தா ஒவ்வொருத்தரா ஊதித் தள்ளிடுவாங்க மச்சான். ஒரு சங்கம் வெச்சா என்ன?"

அந்த யோசனை அவருடையது. ஆள் சேர்த்ததும் அவர்தான். தொழில் போட்டியில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத கடைக்காரர்களை எல்லாம் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தார். இந்தக் கடையில் போய், "அந்தக் கடைக்காரர் உங்க கைவேலையப் பத்தி உசத்தியா பேசினார்" என்பார். அந்தக் கடையில் போய் இதையே திருப்பிச் சொல்வார். மைத்துனர் கண்டித்தால், "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம்னா, நூறு பொய் சொல்லி ஒரு சங்கம் வைக்கக் கூடாதா?" என்பார். தையற்கடை மாடியில் முதல் கூட்டம் நடந்தது. வயதில் மூத்த நகைக்கடைக்காரர் ஒருவர் தலைவரானார். காது மந்தம், ஆனால் எதற்கும் தலையாட்டுவார். எழுத்து வேலை தெரிந்தவர் என்று மைத்துனரைச் செயலாளராக்கச் சொன்னதும் பெட்டிக்காரர்தான்.

செயலாளருக்கு ஒரே கனவு. சட்டத்தில் தங்கள் தொழிலுக்கு ஒரு பெயர் வேண்டும். கண்ணாடி விற்கிறவன் என்ற சொல் போய், கண் பரிசோதகர் என்ற சொல் வர வேண்டும். மனுமேல் மனுவாகப் போட்டார். பல வருஷம் நடையாய் நடந்த பிறகு, அரசாங்க ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் அவரைப் பேச அழைத்தார். அந்த டாக்டர் ஒப்புக்கொண்டால் பாதிச் சட்டம் வந்த மாதிரி என்று எல்லோரும் சொன்னார்கள்.

பெட்டிக்காரரும் கூடப் போனார். வெள்ளைச் சட்டை போட்டு, சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒருவரைத்தான் உள்ளே விடுவோம் என்று வாசலில் சொல்லிவிட்டார்கள். "நீங்க போங்க மச்சான். நான் வெளிய பெஞ்சுல இருக்கேன். தொண்டை காஞ்சா ஒரு கனைப்பு கனைங்க, தண்ணி கொண்டாறேன்" என்றார்.

பெரிய டாக்டர் மரியாதையாகத்தான் பேசினார். நாற்காலி போடச் சொன்னார்.

"உங்க மனுவ எல்லாம் படிச்சேன். உங்க மேல எனக்கு எந்த வருத்தமும் இல்ல. ஆனா பஸ் ஸ்டாண்டுல பெட்டியத் தொறந்து வெச்சு விக்கிறவங்களும் உங்க சங்கத்துல இருக்காங்களாமே. அவங்களையும் கண் பரிசோதகர்னு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?"

ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். சங்கத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கலாம். "அந்தச் சங்கத்தை ஆரம்பிச்சவரே அப்படி ஒருத்தர்தான், வெளிய உட்கார்ந்திருக்கார், கூப்பிடட்டுமா?" என்றும் சொல்லியிருக்கலாம். இந்த மூன்றையும் பிற்காலத்தில் அவர் எத்தனையோ தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். அன்று வாயில் வந்தது வேறு.

"அப்படிப்பட்டவங்க இனிமே எங்க சங்கத்துல இருக்க மாட்டாங்க டாக்டர்."

டாக்டர் எழுந்து கைகொடுத்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் பெட்டிக்காரர் வழக்கத்தைவிட அதிகமாகவே பேசினார். நடத்துனர் முதல் முன் சீட்டுக் கிழவர் வரை எல்லோரையும் சிரிக்க வைத்தார். உள்ளே என்ன நடந்தது என்று மட்டும் கேட்கவில்லை. செயலாளரும் சொல்லவில்லை.

அடுத்த பொதுக்கூட்டத்தில் தீர்மானம் வந்தது. உறுப்பினராக இருப்பவருக்கு நிலையான இடமும், அதில் இருபதடி நீளமுள்ள பரிசோதனை அறையும் இருக்க வேண்டும். பெட்டி, தெரு என்ற சொற்களே அதில் இல்லை. அவ்வளவு பக்குவமாக எழுதியிருந்தார் செயலாளர்.

பெட்டிக்காரர் எழுந்தார். "இருபதடி என்ன, நான் இருநூறு அடி தர்றேன். ரோடு பூரா நம்ம அறைதான். வேணும்னா டேப்போட பஸ் ஸ்டாண்டுக்கு வாங்க" என்றார். கூட்டம் சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் அவர் மைத்துனர் பக்கம் திரும்பினார். "சரி மச்சான், விளையாட்டு போதும். நீங்க சொல்லுங்க. சங்கத்துல நான் இருக்கலாமா, கூடாதா?"

செயலாளர் காகிதத்தைப் பார்த்தபடி சொன்னார்: "இத்தீர்மானம் தனிப்பட்ட எவரையும் குறிப்பதன்று."

சொந்த மாப்பிள்ளையிடம் அவர் அச்சுத் தமிழில் பேசியது அதுதான் முதல் தடவை. தலைவர் கை தூக்கச் சொன்னார். கைகள் உயர்ந்தன, செயலாளர் கையும் உயர்ந்தது. பெட்டிக்காரர் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு மாடிப்படி இறங்கிப் போனார்.

அந்த வாரமே செயலாளர் தங்கை வீட்டுக்குப் போனார். கடையில் சரிபாதியாகச் சேர்ந்துகொள்ளச் சொன்னார். அறை இருக்கிறது, லென்ஸ் பெட்டி இருக்கிறது, உறுப்பினர் ஆவதற்கு ஒரு தடையும் இல்லை என்றார்.

"நான் ஆரம்பிச்ச வீட்டுக்குள்ள போறதுக்கு உங்க பின்னாடி ஒண்டிக்கிட்டு வரணுமா மச்சான்? வேணாம். டீ ஆறுது, குடிங்க" என்றார் பெட்டிக்காரர். கோபமாகப் பேசியிருந்தால்கூடப் பதில் சொல்லியிருக்கலாம். தங்கை அடுப்பங்கரையிலிருந்து வெளியே வரவேயில்லை.

அன்றோடு போக்குவரத்து நின்றது. நல்லது கெட்டதில் பார்த்துக்கொண்டால் தலையசைப்பு, அவ்வளவுதான். செயலாளருக்கு வருத்தம் இருந்தது, ஆனால் வருத்தப்பட நேரம் இல்லை. சங்கம் வளர்ந்தது. பரீட்சை வைத்தார்கள், பள்ளிக்கூடம் வைத்தார்கள். கையில் டேப்போடு ஊர் ஊராகப் போய் அவரே அறைகளை அளந்தார். பக்கப் பார்வை சோதிப்பதைப் பள்ளிக்கூடத்தில் பாடமாக வைத்தவரும் அவர்தான். கறுப்புத் துணியைச் சுவரில் கட்டி, நடுப்புள்ளியை மட்டும் பார்க்கச் சொல்லி, கம்பி முனையில் வெள்ளைப் பொத்தானை ஓரத்திலிருந்து மெல்ல நகர்த்தி வர வேண்டும். எங்கே பொத்தான் தெரிகிறது, எங்கே தெரியவில்லை என்று குறித்துக்கொள்ள வேண்டும். கண் அழுத்த நோய் சத்தம் போடாமல் வரும், வலிக்காது, நேர்ப்பார்வையைத் தொடாது, ஓரத்திலிருந்து தின்றுகொண்டே வரும் என்று மாணவர்களுக்குச் சொல்வார்.

பல வருஷம் கழித்து ஒரு மத்தியானம் தங்கை கடைக்கு வந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"அண்ணே, அவரு போக்கே சரியில்ல. பக்கத்துல வெச்ச தண்ணியத் தட்டி விட்டுட்றாரு. கதவு நிலையில இடிச்சுக்கிறாரு. நான் எதிர்ல வந்தா பேசறாரு, பக்கத்துல வந்து நின்னா கண்டுக்கவே மாட்டேங்கறாரு. என் மேல இருக்கிற கோவத்துலதான் பண்றாருன்னு நெனச்சு நானும் ரொம்ப நாளா சண்டை போட்டுட்டேன். போன வாரம் சைக்கிள்ல ஒருத்தன் இடிச்சுத் தள்ளிட்டான். வந்தது தெரியவே இல்லைங்கறாரு."

செயலாளர் கறுப்புத் துணியைச் சுருட்டி அக்குளில் வைத்து, பொத்தான் கம்பியையும் கண்ணுக்குள் பார்க்கும் கருவியையும் எடுத்துக்கொண்டு தங்கையோடு நடந்தார்.

பெட்டிக்காரர் கட்டிலில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். துணியைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். "என் கண்ணுக்கு ஒண்ணும் இல்ல. உங்க தங்கச்சி பேச்சைக் கேட்டுக்கிட்டு வந்துட்டீங்களா?" என்று சொல்லி, கைக்கு எட்டும் தூரத்தில் இருந்த மருந்துச் சீட்டை எடுத்து அதில் இருந்த பொடி எழுத்தைக் கடகடவென்று படித்தார். "பார்த்தீங்களா? இத உங்க பள்ளிக்கூடத்துப் பசங்க படிப்பாங்களா?"

"நல்லாப் படிச்சீங்க மாப்ள. இப்ப இந்தப் புள்ளிய மட்டும் பாருங்க" என்றார் செயலாளர்.

தங்கை துணியின் ஒரு முனையைச் சுவரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். பொத்தான் வலது ஓரத்திலிருந்து கிளம்பியது. தெரிந்தால் சொல்லுங்கள் என்றார். பெட்டிக்காரர் காத்திருந்தார். பொத்தான் பாதித் தூரம் வந்தது. முக்கால் தூரம் வந்தது. "எப்ப ஆரம்பிப்பீங்க மச்சான்?" என்றார் பெட்டிக்காரர்.

தங்கை அண்ணன் முகத்தைப் பார்த்தாள். இடது பக்கமும் ஏறக்குறைய அதே கதைதான். பிறகு செயலாளர் கருவியை எடுத்துக் கண்ணுக்குள் பார்த்தார். நரம்பு வந்து சேரும் இடம் கிண்ணம்போலக் குழிந்து வெளுத்திருந்தது. அந்தக் கண்ணின் உள்புறத்தை அவர் ஒரு காலத்தில் கண்ணை மூடிக்கொண்டே வரைவார். எந்த ரத்தக் குழாய் எங்கே வளையும் என்பது வரை தெரியும். ஒவ்வொரு தடவையும் லென்ஸ் பார்சல் வந்தால் முதலில் பார்ப்பது அந்தக் கண்ணைத்தானே. சண்டை வராமல் இருந்திருந்தால், இந்தக் குழி தொடங்கிய முதல் வருஷமே அவருக்குத் தெரிந்திருக்கும்.

ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அதே பெரிய டாக்டர்தான். ஓய்வு பெறும் வயது, இன்னும் அதே மரியாதை. நன்றாகப் பரிசோதித்துவிட்டு, போன பார்வை போனதுதான், மிச்சம் இருப்பதை ஆபரேஷன் செய்து காப்பாற்றப் பார்க்கலாம் என்றார். கை கழுவிக்கொண்டே, குற்றம் சொல்லும் தொனி கொஞ்சமும் இல்லாமல் கேட்டார்.

"நாலஞ்சு வருஷம் முன்னாடியே யாராவது பார்த்திருக்கணும். உங்க மாப்பிள்ளைன்னு சொல்றீங்க. நீங்க பார்க்கலையா?"

பெட்டிக்காரர்தான் பதில் சொன்னார். "நான் காட்டல டாக்டர். வீம்பு."

ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு கண்ணில் ஜன்னல் இடுக்கு அளவுக்குப் பார்வை தங்கியது. பெட்டியை மூட்டை கட்டி வைத்தார்கள். செயலாளர் தினமும் சாயங்காலம் போய் அவரை நடக்கக் கூட்டிப்போவார். பெட்டிக்காரர் மச்சான் தோளில் கை வைத்துக்கொண்டு, கேலி பேசிக்கொண்டே வருவார். பார்க்கிறவர்களுக்குப் பழைய சிநேகம் திரும்பிவிட்டது என்றுதான் தோன்றும். செயலாளருக்கு அந்தக் கை ஒவ்வொரு நாளும் கனத்தது.

ஒருநாள் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்தபோது, அன்று டாக்டர் அறையில் தான் சொன்னதைச் செயலாளர் சொல்லிவிட்டார்.

"தெரியும் மச்சான். ஜன்னல் தொறந்துதானே இருந்துச்சு."

"கேட்டுட்டா பஸ்ஸுல அப்படிச் சிரிச்சுப் பேசினீங்க?"

"அழுதா நீங்க சங்கடப்படுவீங்களே. ஊருக்குப் போய் என்கிட்ட சொல்லுவீங்கன்னு நெனச்சேன். சொன்னா சண்டை போட்டுட்டு விட்டுடலாம்னு இருந்தேன். நீங்க தீர்மானம் எழுதிக்கிட்டு வந்துட்டீங்க." மச்சான் தோளைத் தேடிப் பிடித்து எழுந்து, "எழுந்திருங்க, காத்து சில்லுன்னு வருது" என்றார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. செயலாளர் கேட்கவும் இல்லை.

அந்த வருஷப் பொதுக்கூட்டத்தில் செயலாளர் ஒரு தீர்மானம் கொண்டு வந்தார். பெட்டியில் வைத்து விற்பவர்களுக்கும் பயிற்சி கொடுத்து, துணை உறுப்பினர்களாகவாவது சேர்க்க வேண்டும் என்றார். அவர்கள் போகும் ஊர்களுக்கு நம்மில் யாரும் போவதில்லை என்றார். அவரிடமே படித்துத் தேறிய ஒருவர் எழுந்து, தொழிலின் மானம் நாலு சுவருக்குள்தான் இருக்கிறது என்று செயலாளர் ஐயாவே எங்களுக்குப் பாடம் நடத்தியிருக்கிறாரே என்றார். நாலைந்து பேர் தவிர வேறு யாரும் கை தூக்கவில்லை. செயலாளர் பதவியை விட்டார். பெயர் மட்டும் விடவில்லை. தெருவில் கடைசி வரை அவர் செயலாளர்தான்.

சட்டம் ஒருவழியாக வந்தது. கண் பரிசோதகர் பதிவேட்டில் முதல் எண் செயலாளருக்கே கொடுத்தார்கள். அதற்கு முந்தின மழைக்காலத்தில் பெட்டிக்காரர் நெஞ்சுச் சளி வந்து, ஒரு வாரம் படுத்து, போய்ச் சேர்ந்திருந்தார்.

சங்கத்துக்கு வெள்ளிவிழா எடுத்தபோது செயலாளரை மேடையில் ஏற்றினார்கள். சங்கத்தை ஆரம்பித்த பெட்டிக்காரர் பெயரைப் புதுத் தலைவர் வரவேற்புரையில் சொல்ல வேண்டும் என்று கேட்டுப் பார்த்தார். பதிவேட்டில் இல்லாதவர் பெயரை எப்படிச் சொல்வது என்று தயங்கினார்கள். அதனால் அவரே சொல்லிவிட்டார். வராந்தா பெஞ்சு, தீர்மானம், தூக்கிய கை, தங்கை பிடித்த துணி எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்து உட்கார்ந்துவிட்டார். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. தலைவர் ஒலிபெருக்கியைப் பிடித்து, பக்கப் பார்வைச் சோதனையின் அவசியத்தை ஐயாவைவிட உருக்கமாக யாரும் சொல்ல முடியாது என்றார். இனி குடும்பத்தார் எல்லோருக்கும் வருஷம் ஒரு தடவை அதைச் செய்வோம் என்று அங்கேயே உறுதி எடுத்துக்கொண்டார்கள். நல்ல காரியம்தான். அதனால் பல பேர் கண் பிழைத்தது என்றுகூடச் சொல்லலாம்.

அவர் விழாச் சாப்பாட்டுக்கு நிற்காமல் தங்கை வீட்டுக்குப் போனார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"சொன்னீங்களா அண்ணே?"

"எல்லாத்தையும் சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"கை தட்டினாங்க" என்றார் அவர்.

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. அடுக்கு முடிந்ததும் எழுந்து போய், அவருக்குச் சாப்பாடு எடுத்து வைத்தாள்.